உப்பு விற்கப் போனா மழை: ஃப்ரீலான்ஸரோட கெட்ட நேரத்துக்குப் பின்னாடி இருக்கற கணக்கு



வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் பண்ணலாமான்னு பேசின வீடியோவுக்குக் கீழே அதிகமா வந்த கேள்வி இதுதான்: "இப்போ சம்பளம் 75,000. வெளியில பண்ணினா மாசம் ஒரு லட்சத்துக்கு வேலை இருக்கு. விட்டுடலாமா?"

இந்தக் கேள்வியில ஒரு பாதிதான் இருக்கு. எவ்வளவு வரும்னு எல்லாரும் கணக்குப் போடறாங்க. என்னைக்கு வரும்னு யாரும் போடறதில்லை. ஃப்ரீலான்ஸ் பண்ணி நொந்து திரும்பி வந்தவங்ககிட்ட பேசிப் பாருங்க. "வேலை இல்லை"ன்னு சொல்றவங்க கம்மி. "எல்லாம் இருந்துச்சு சார், நேரம்தான் சரியில்லை"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

அந்த "நேரம் சரியில்லை"ங்கிற வார்த்தையை நான் ராசிபலனா எடுத்துக்கறதில்லை. அதுல பெரும்பகுதி காலண்டர் பிரச்சனை. எந்தத் தேதியில் பணம் வருது, எந்தத் தேதியில் பணம் போகுதுங்கிற பிரச்சனை. இதைப் புரிஞ்சுக்காம வேலையை விடறவங்களுக்கும், புரிஞ்சுக்காம "விடாதே"ன்னு அட்வைஸ் பண்றவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

சிரிச்சுட்டுப் போகலாம், ஆனா...

எங்க தேவாரம், போடி பக்கம் கொரோனாவுக்கு அப்புறம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கற பசங்க நிறைய. வீடியோ எடிட்டிங், வெப்சைட், கன்டென்ட் ரைட்டிங், டேட்டா வேலைன்னு கிளையன்ட் எல்லாம் சென்னை, பெங்களூரு, துபாய். இவங்க ரிட்டர்ன் தாக்கல் பண்ண வரும்போது சொல்ற கதைகளைக் கேட்டா, "மாவு விற்கப் போனா காத்தடிக்குது, உப்பு விற்கப் போனா மழை பெய்யுது"ங்கிற பழமொழியை இவங்களுக்காகவே சொல்லி வச்ச மாதிரி இருக்கும்.

ஒரு எடிட்டர் தம்பி. ரெண்டு மாசம் ஒரு வேலையும் வரலை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்தோட கிளம்பினார். அன்னைக்கு மதியத்துக்குள்ள மூணு கிளையன்ட் போன். மூணு பேருக்கும் "நாளைக்குக் காலையில வேணும்."

இன்னொருத்தர், டெவலப்பர். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தின அன்னைக்கு அவருக்கு முக்கியமான டெமோ. போச்சு. அந்தக் கோபத்துல இஎம்ஐ போட்டு இன்வெர்ட்டர் வாங்கினார். அதுக்கப்புறம் அவர் டெமோ இருந்த எந்த நாளிலும் கரண்ட் போகலை. இஎம்ஐ மட்டும் மாசாமாசம் கரெக்டா போச்சு.

மூணாவது ஆள், பணம் சேமிக்கறதைப் பத்தி ஒரு நிறுவனத்துக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்த ஒரு தங்கச்சி. தலைப்பே "அவசரகால நிதி ஏன் அவசியம்?" எழுதிக் கொடுத்து நாலு மாசம் பணம் வரலை. கடைசியில் நகையை வச்சுத்தான் வீட்டு வாடகை கட்டினாங்க.

முதல் ரெண்டு கதையைக் கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிடலாம். அது நிஜமாவே நேரம். மூணாவது அப்படி இல்லை. நாலு மாசம் பணம் வராம இருந்ததுக்கு மழையும் காரணம் இல்லை, கரண்டும் காரணம் இல்லை. அது ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுல நஷ்டம் எப்பவும் ஒரே பக்கம்தான் விழும். இந்த ரெண்டு வகையையும் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்கணும். கரண்ட் போறதை நம்மால தடுக்க முடியாது. பணம் வர்ற தேதியைப் பத்திப் பேச முடியும்.

மலை மேல இது பழைய கதை

சம்பளக்காரங்களுக்கு இது புதுசா இருக்கலாம். தேவாரத்துல பிறந்தவங்களுக்கு இது பாட்டன் காலத்துக் கதை.

தேவாரம், கோம்பை, போடி, கம்பம் பக்கத்திலிருந்து தினமும் விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போறாங்களே, அவங்கதான் எங்க ஊரோட முதல் ஃப்ரீலான்ஸர்கள். வேலை செஞ்ச நாளுக்குத்தான் கூலி. ஏலச்செடிக்கு மழை வேணும். மழை கொட்டினா காய் எடுக்கப் போக முடியாது. அதாவது எந்த மழை தோட்டத்தை வாழ வைக்குதோ, அதே மழை அன்னைக்குக் கூலியைக் கெடுக்குது. 2020 ஊரடங்குல மாநில எல்லையை மூடினப்போ இன்னும் மோசம். காய் மலைக்கு அந்தப் பக்கம், எடுக்கற கை இந்தப் பக்கம்.

கூலிக்காரங்களுக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க, தோட்டக்காரங்களையும் பாருங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடுக்கியில் ஏலத்தோட்டங்கள் பெரிய அளவில் சேதமாச்சு. அடுத்த வருஷம் வரத்து குறைஞ்சதால விலை ஏறிக்கிட்டே போய், 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏல மையத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. சரித்திரத்துலயே இல்லாத விலை. ஆனா அந்த விலைக்கு விற்கப் பல பேர் கையில் காய் இல்லை. காய் இல்லாததுனாலதான் அந்த விலையே!

அந்த விலையைப் பார்த்துப் புதுசா நட்டவங்க கதை அடுத்தது. ஏலச்செடி நட்டுக் காய்ப்புக்கு வர ரெண்டு, மூணு வருஷம் ஆகும். அவங்க செடி காய்ச்சு வந்தப்போ, 2022-ல், சராசரி ஏல விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. அப்புறம் 2024 கோடை வறட்சியில் செடி கருகிப் போச்சு, அதுக்குப் பின்னாடி விலை மறுபடி ஏறுச்சு.

இதுல ஒரு பாடம் இருக்கு. விலை ஏறினதும், காய் இல்லாம போனதும் தனித்தனியா வந்த ரெண்டு துரதிர்ஷ்டம் கிடையாது. ஒண்ணோட காரணம்தான் இன்னொண்ணு. ஃப்ரீலான்ஸ் மார்க்கெட்டும் இதே மாதிரிதான். உங்க திறமைக்கு ரேட் உச்சத்தில் இருக்கறதைப் பார்த்து நீங்க வேலையை விடற நேரத்துல, அதே ரேட்டைப் பார்த்து இன்னும் ஆயிரம் பேர் அதே கோர்ஸில் சேர்ந்திருப்பாங்க. நீங்க காய்ப்புக்கு வரும்போது அவங்களும் வருவாங்க.

பழைய தோட்டக்காரங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு பார்த்தா, ஏலத்தை மட்டும் நம்பி நின்னவங்க கம்மி. கூடவே மிளகு, காப்பி, கீழே கொஞ்சம் நிலம், ஊருக்குள்ள ஒரு கடைன்னு வச்சிருப்பாங்க. நல்ல விலை வந்த வருஷத்துப் பணத்தை அந்த வருஷ வருமானமாவே எண்ண மாட்டாங்க. மூணு வருஷத்துக்குப் பிரிச்சுப் பார்ப்பாங்க. எக்செல் ஷீட் இல்லாமலே கேஷ் ஃப்ளோ தெரிஞ்சவங்க அவங்க.

12 லட்சம் பில் போட்டவர் கையில் எவ்வளவு?

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். இதை ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டே படிங்க.

ஒருத்தர் மார்ச் 31 அன்னைக்கு வேலையை விடறார். சாஃப்ட்வேர் டெவலப்பர். ஏப்ரல் மாசத்திலிருந்து ஒரு இந்தியக் கம்பெனிக்கு மாசம் ஒரு லட்சத்துக்கு வேலை. மாசக் கடைசியில் பில். பில் போட்டு ரெண்டு மாசத்துல பணம். இது ரொம்பச் சாதாரணமான கண்டிஷன், மோசமான கிளையன்ட்னு சொல்ல முடியாது.

ஏப்ரல் வேலைக்கு ஏப்ரல் கடைசியில் பில். பணம் வர்றது ஜூன் கடைசியில். அதாவது வேலையை விட்டு மூணு மாசம் கழிச்சுத்தான் முதல் ரூபாயைக் கண்ணுல பார்க்கறார். அதுவும் 10% டிடிஎஸ் போக 90,000. அந்தத் தேதியில் அவர் மூணு லட்சத்துக்கு உழைச்சு முடிச்சிருப்பார்.

அடுத்த மார்ச் 31 அன்னைக்கு நிலவரம் என்ன? 12 பில், மொத்தம் 12 லட்சம். அதுல பத்து பில்லுக்குப் பணம் வந்திருக்கும்: 9 லட்சம். பிப்ரவரி, மார்ச் பில் ரெண்டும் கிளையன்ட் கிட்ட நிக்குது: டிடிஎஸ் போக 1.8 லட்சம். 12 பில்லுக்கும் பிடிச்ச டிடிஎஸ் 1.2 லட்சம் அரசாங்கத்துக்கிட்ட. கூட்டிப் பாருங்க, 12 லட்சம் சரியா வருதா?

இப்போ அந்த 75,000 சம்பளத்துலயே இருந்திருந்தா? முதல் மாசக் கடைசியிலிருந்து வாங்கி, வருஷத்துக்கு 9 லட்சம். ஒரு லட்சம் பில் போட்டவரும், 75,000 சம்பளக்காரரும் முதல் வருஷம் கையில் வாங்கினது ஒரே தொகை! வித்தியாசம் என்னன்னா, ஒருத்தருக்கு முதல் மூணு மாசம் பூஜ்யம்.

இதுல நான் அதிகமா ரசிக்கற, இல்லை வருத்தப்படற முரண் அந்த 1.2 லட்சம்தான். இந்த டெவலப்பர் 44ஏடிஏ பிரிவுல கணக்குக் காட்டினா, வரவுல பாதியை, அதாவது 6 லட்சத்தை வருமானமா காட்டலாம். 2025-26 கணக்குப்படி புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போக வரி இல்லை. அப்போ அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பூஜ்யம் வரி கட்ட வேண்டியவர்கிட்ட வருஷம் பூரா 10% பிடிச்சு வச்சிருக்காங்க.

அது எப்போ திரும்பி வரும்? மார்ச் காலாண்டு டிடிஎஸ் விவரத்தைக் கம்பெனி மே 31 வரைக்கும் தாக்கல் பண்ணலாம். அது 26ஏஎஸ்-ல் ஏறணும், அப்புறம் நீங்க ரிட்டர்ன் போடணும், அப்புறம் ரீஃபண்ட். போன ஏப்ரல்ல பிடிச்ச 10,000 ரூபாய் இந்த ஜூலைக்குக் கிட்ட வந்தா நல்ல வேகம்னு அர்த்தம். பதினஞ்சு மாசம். இந்த இடைவெளியை ஓட்ட அவர் பர்சனல் லோன் வாங்கினா, தன் பணத்தை வட்டியில்லாம கொடுத்துட்டு, அடுத்தவன் பணத்தை வட்டிக்கு வாங்கறார்னு அர்த்தம்.

இதுக்கு வழி இல்லாம இல்லை. 197-வது பிரிவுல படிவம் 13 கொடுத்து, குறைஞ்ச விகிதத்தில் டிடிஎஸ் பிடிக்கச் சான்றிதழ் வாங்கலாம். ரெண்டு, மூணு வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தா சுலபம். ஆனா சான்றிதழ் கிடைச்ச தேதியிலிருந்துதான் செல்லும். அதனால வருஷ ஆரம்பத்துலயே கேக்கணும். பெரும்பாலானவங்களுக்கு இது ஞாபகம் வர்றது ஜனவரியில!

(2026 ஏப்ரல் 1 முதல் அமலாகற புதிய வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் வேற. எல்லாருக்கும் பழகின எண்ணையே இங்கே சொல்லியிருக்கேன். 44ஏடிஏ எல்லாத் தொழிலுக்கும் கிடையாது. அந்தப் பட்டியல்ல உங்க வேலை வருதான்னு உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.)

வளர்ந்தா இன்னொரு காலண்டர்

சரி, பிசினஸ் நல்லாப் போகுது. மாசம் 2 லட்சம் பில். வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினா சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சந்தோஷமான விஷயம்தான். இங்கேதான் அடுத்த முரண் காத்திருக்கு.

சேவைக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டிய நேரம் பொதுவா பில் தேதி, பணம் வந்த தேதி, ரெண்டுல எது முந்தியோ அது. ஏப்ரல் 30 பில் 2 லட்சம், மேல 18% ஜிஎஸ்டி 36,000. மாசாமாசம் கட்டறவரா இருந்தா மே 20-க்குள்ள அந்த 36,000-ஐ உங்க கையிலிருந்து கட்டணும். கிளையன்ட் பணம் கொடுக்கறது ஜூன் கடைசியில். இன்னும் வராத பணத்துக்கு, உங்களோடதே இல்லாத வரியை, உங்க சேமிப்புல இருந்து கட்டறீங்க. தாமதமா கட்டினா வருஷத்துக்கு 18% வட்டி.

வெளிநாட்டு கிளையன்ட் மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கஷ்டம் கம்மி. எல்யூடி கொடுத்துட்டா ஏற்றுமதிக்கு வரி கட்டாம பில் போடலாம். டிடிஎஸ் பிடிப்பும் இருக்காது. ஆனா அவங்களுக்கு வேற ஒரு தேதி. டிடிஎஸ் பிடிக்காததால வரி முழுக்க அவங்க தலையில். 44ஏடிஏ-ல இருக்கறவங்க மார்ச் 15-க்குள்ள அட்வான்ஸ் டாக்ஸை ஒரே தவணையில் கட்டணும். வருஷம் பூரா "எனக்குப் பிடித்தமே இல்லை"ன்னு செலவு பண்ணினவருக்கு, மார்ச் இரண்டாவது வாரத்துல ஒரே அடி.

காப்பாத்த வந்த சட்டத்துலயே ஒரு முரண்

பணம் தாமதமாகுதுன்னா சட்டம் ஒண்ணுமே பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணியிருக்கு. 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல பணம் கொடுக்கணும். ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. தனி ஆளா வேலை பார்க்கற ஃப்ரீலான்ஸரும் உத்யம் தளத்துல இலவசமா பதிவு பண்ணிக்கலாம்.

நாப்பத்தஞ்சு நாள்! ஏலத்தோட்டத்துல ஒரு எடுப்புக்கும் அடுத்த எடுப்புக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். செடியே அடுத்த காயைக் கொடுத்துடும், கம்பெனி கொடுக்காது.

இந்தச் சட்டத்துக்குப் பல் வேணும்னு வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) கொண்டு வந்தாங்க. 2023-24 நிதியாண்டுக்கே அமல். சிறு நிறுவனத்துக்கு உரிய நாளுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா, கொடுக்கற வருஷத்துலதான் அதைச் செலவாக் காட்ட முடியும். நல்ல எண்ணம். ஆனா 2024 மார்ச் நெருங்கினப்போ நடந்தது வேற. ஆர்டர் எல்லாம் பதிவு இல்லாத ஆட்களுக்குப் போயிடுமோன்னு பயம் வந்து, இதைத் தள்ளி வைக்கச் சொல்லி வியாபாரிகள் சங்கங்களே கோரிக்கை வச்சாங்க.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. ஏப்ரல்ல போட்ட பில்லை அதே நிதியாண்டு முடியறதுக்குள்ள, அதாவது மார்ச் 31-க்குள்ள கொடுத்துட்டா, கம்பெனிக்கு இந்தப் பிரிவுல நஷ்டமே இல்லை. வட்டி கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. ஆனா அதைக் கேட்டா அடுத்த வேலை வராது. அதனால பதினொரு மாசம் பதில் வராத மெயிலுக்கு மார்ச்ல மட்டும் "உங்க பாக்கி எவ்வளவு?"ன்னு பதில் வரும். பணம் கைக்கு வந்தா அன்னைக்கு மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தேதி முடிஞ்சிருக்கும்!

தேவாரத்துல நின்னா தோட்ட மலை நேர் மேலே தெரியும். போகணும்னா போடிமெட்டு சுத்தணும், இல்லை கம்பம்மெட்டு சுத்தணும். சாக்குலூத்து மெட்டு வழியா ரோடு கேட்டுப் பல வருஷமா ஊர் காத்திருக்கு. ஃப்ரீலான்ஸரோட பணமும் அதே மாதிரி கண்ணுக்கு நேரா தெரியும், வர்ற வழிதான் சுத்து.

பேங்க் மேனேஜர் பார்வையில் நீங்க

வேலையில் இருக்கும்போது மூணு மாச சம்பள ஸ்லிப்பைக் காட்டினா ஹோம் லோன் பேச்சு ஆரம்பிச்சுடும். வேலையை விட்ட மறுநாள், சுயதொழில் செய்பவர்னு ஆனதும், பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷ ஐடிஆர் கேப்பாங்க. வருமானம் கூடின அன்னைக்கு உங்க கடன் தகுதி கீழே விழுது.

அதோட நிக்காது. 44ஏடிஏ-ல 12 லட்சத்துக்கு 6 லட்சம்னு காட்டி வரியை மிச்சம் பிடிச்சோமே, லோன் கேக்கும்போது பேங்க் பெரும்பாலும் அந்த 6 லட்சத்தைத்தான் உங்க வருமானமா எடுத்துக்கும். மிச்சம் பிடிச்ச வரிக்கு இது ஒரு விலை.

ஹெல்த் இன்ஷூரன்ஸும் இதே கதை. கம்பெனி பாலிசி பொதுவா உங்க கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும். புது பாலிசி எடுத்தா விபத்து தவிர மத்ததுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு. ஏற்கனவே இருக்கற நோய்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்பு இருக்கலாம். கம்பெனி கொடுத்த பாதுகாப்பு எவ்வளவு பெருசுன்னு அது போன மறுநாள்தான் தெரியும்.

அப்போ ஃப்ரீலான்ஸே வேண்டாமா?

இந்த இடத்துல ரெண்டு கோஷ்டி கை தூக்கும். ஒண்ணு, "ரிஸ்க் எடுத்தாதான் லைஃப்"னு ரீல்ஸ் போடற கோஷ்டி. இன்னொண்ணு, "மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலையை விட்டுட்டு எவனாவது போவானா"ன்னு கேக்கற மாமா, சித்தப்பா கோஷ்டி. ரெண்டு பேரும் குணத்தைப் பத்திப் பேசறாங்க: தைரியம் இருக்கா, பொறுப்பு இருக்கா? நான் தேதியைப் பத்திப் பேசச் சொல்றேன். தைரியசாலிக்கும் ஜிஎஸ்டி 20-ஆம் தேதிதான். பொறுப்பானவருக்கும் கிளையன்ட் 60 நாள்தான்.

சம்பளம்ங்கறதை நான் இப்படித்தான் பார்க்கறேன்: உங்க உழைப்புக்குத் தர்ற விலை ஒரு பகுதி, தேதி தவறாம தர்ற சேவை இன்னொரு பகுதி. கம்பெனிக்கும் அதோட கஸ்டமர் 60 நாள், 90 நாள் கழிச்சுத்தான் பணம் தர்றாங்க. அந்த இடைவெளியைக் கம்பெனி தன் பணத்துல தாங்கி, உங்களுக்கு மாசக் கடைசியில் போடுது. வேலையை விடும்போது அந்த வேலையையும் சேர்த்து நீங்க எடுத்துக்கறீங்க. அதைச் செய்ய முதலீடு வேணும். அந்த முதலீடு இல்லாம போறதுதான் தப்பு. போறது தப்பே இல்லை.

அந்த முதலீடு எவ்வளவு? நான் சொல்ற சுலபமான கணக்கு: கிளையன்ட் பணம் தர எடுக்கற நாள், அதோட 30 கூட்டுங்க, அதை ரெண்டால பெருக்குங்க. 60 நாள் கிளையன்ட்னா 90, ரெண்டு மடங்கு 180 நாள். ஆறு மாச வீட்டுச் செலவு, லிக்விட் ஃபண்டிலோ எஃப்டியிலோ. முதல் பாதி முதல் பில்லுக்குக் காத்திருக்க. இரண்டாவது பாதி அந்த பில் தாமதமாகறதுக்கு.

மத்ததையும் வேலையில் இருக்கும்போதே ஆரம்பிச்சுடுங்க.

சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசியை இப்பவே எடுங்க. காத்திருப்புக் காலம் கம்பெனி பாலிசி நிழல்லயே ஓடிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

சைடு வருமானத்தை ஐடிஆர்-ல இப்பவே காட்ட ஆரம்பிங்க. ஒளிச்சு வச்சா இன்னைக்குக் கொஞ்சம் வரி மிச்சமாகற மாதிரி தெரியும், நாளைக்கு பேங்க்ல காட்ட வரலாறு இருக்காது, நோட்டீஸ் வேற வரும். காட்டறதுக்கு முன்னாடி உங்க ஆஃபர் லெட்டர்ல வெளி வேலைக்கு அனுமதி இருக்கான்னும் படிச்சுக்கோங்க.

ஒப்பந்தத்துல தொகைக்குப் பேரம் பேசற நேரத்துல பாதியைத் தேதிக்குப் பேசுங்க. 30 சதவீதம் முன்பணம், மீதி கட்டம் கட்டமா, கடைசிப் பணம் 30 நாள். மாசம் ஒரு லட்சம் 60 நாள்ல தர்றவரும், 95,000-ஐ 15 நாள்ல தர்றவரும் வந்தா, முதல் வருஷத்துல நான் ரெண்டாவது ஆளைத்தான் எடுக்கச் சொல்வேன். பில்லுல உத்யம் எண்ணைப் போடுங்க. சண்டை போடறதுக்காக இல்லை, 45 நாள்ங்கறது அவங்க அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு ஞாபகம் இருக்கறதுக்காக. ஜிஎஸ்டி பதிவு இருந்தா இன்னொரு பிடியும் இருக்கு: 180 நாள்ல உங்களுக்குப் பணம் தரலைன்னா, அந்த பில்லுக்கு அவங்க எடுத்த வரி கிரெடிட்டைத் திருப்பிக் கட்டணும்.

பணம் வர்றதுக்குத் தனி அக்கவுண்ட் வைங்க. அதுலேர்ந்து மாசம் 1-ஆம் தேதி உங்களுக்கு நீங்களே ஒரே அளவு சம்பளம் போட்டுக்கோங்க. 3 லட்சம் வந்த மாசமும் அதே சம்பளம், பூஜ்யம் வந்த மாசமும் அதே சம்பளம். நல்ல விலை வருஷத்தை மூணு வருஷத்துக்குப் பிரிச்ச அந்தத் தோட்டக்காரங்க செஞ்சதும் இதைத்தான்.

கடைசியா, உங்க மேஜை மேல ஒரு பில் இருக்கு

இந்தப் பதிவைப் படிக்கற பெரும்பாலானவங்க வேலையை விடப் போறதில்லை. எனக்கும் அது தெரியும். ஆனா உங்கள்ல நிறையப் பேர் மார்க்கெட்டிங்ல, எச்ஆர்-ல, அக்கவுண்ட்ஸ்ல, ப்ராஜெக்ட் டீம்ல இருக்கீங்க. ஒரு டிசைனர் அனுப்பின பில் உங்க மெயில்ல அப்ரூவலுக்காக நிக்குது. பிஓ நம்பர் விட்டுப் போச்சுன்னு, வென்டர் படிவத்துல ஒரு கையெழுத்து இல்லைன்னு, மாசாந்திரப் பேமெண்ட் தேதிக்கு ஒரு நாள் பிந்திடுச்சுன்னு அது அடுத்த மாசத்துக்குத் தள்ளுது. உங்களுக்கு அது ஒரு க்ளிக். அந்தப் பக்கம் அது ஒரு மாச வாடகை.

நான் மேல சொன்ன கட்டுரை எழுதின தங்கச்சிக்கு நாலு மாசம் பணம் தராம இருந்தது யாரோ கெட்ட முதலாளி கிடையாது. மூணு டேபிள், மூணு நல்ல ஆட்கள். ஒவ்வொருத்தரும் தன் டேபிள்ல ஒரு மாசம் வச்சிருந்தாங்க. நாலாவது மாசம் பேங்க் விவரம் மறுபடி கேட்டு மெயில் போட்டாங்க. அந்த மூணு பேருக்கும் மாசக் கடைசியில் சம்பளம் கரெக்டா வந்துச்சு.

சட்டத்தைத் திருத்தணும்னு நானும் சொல்வேன். பூஜ்யம் வரி ஆளுக்கு 10% பிடிக்கறது குறையணும், சின்ன ஆட்களுக்கு ஜிஎஸ்டி பணம் வந்த அப்புறம் கட்டற மாதிரி இருக்கணும். அது டெல்லியில நடக்கணும், நடக்கற நாள் நம்ம கையில் இல்லை. உங்க மேஜையில இருக்கற பில் உங்க கையில் இருக்கு. இன்னைக்கு ஆபீஸ் போனதும் மெயில்ல "இன்வாய்ஸ்"னு தேடிப் பாருங்க. எதாவது நின்னுக்கிட்டிருந்தா நகர்த்தி விடுங்க.

மேல சொன்ன 12 லட்சம் கணக்கை உங்க சொந்த எண் போட்டுப் பார்க்கற மாதிரி எக்செல் ஷீட் அடுத்த வீடியோவுல தர்றேன். அதுக்கு முன்னாடி கமெண்ட்ல ஒண்ணு மட்டும் சொல்லுங்க: உங்க கம்பெனி ஃப்ரீலான்ஸருக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்குது? தெரியலைன்னா, கேட்டுட்டு வந்து எழுதுங்க.